அம்மா பார்த்த கிரகணம்

லண்டனில் இருக்கும் தோழி போன வாரம் போனில் ஒரு சந்தேகம் கேட்டாள். 2026 ஆகஸ்ட் 12 முழு சூரிய கிரகணத்துக்குக் குடும்பத்தோடு ஸ்பெயினின் மயோர்கா தீவுக்குப் போகலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே சூரியன் மறையப் போகிற நேரத்தில்தான் கிரகணம், சூரியன் அடிவானத்துக்கு மேலே இரண்டரை டிகிரி உயரத்தில்தான் இருக்கும் என்கிறார்கள். "அவ்வளவு தாழ்வா இருந்தா என்னத்தைடி பார்க்கிறது, பேசாம ஐஸ்லாந்து போயிடலாமா?" என்றாள். நான் 2012-இல் கடலோர ஊர் ஒன்றில் முழு கிரகணம் பார்த்தவள் என்பது அவளுக்குத் தெரியும். பதில் சொல்ல ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அவளிடம் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

2012 நவம்பரில் நாங்கள் ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் இருந்தோம். எனக்கு ஆறாம் மாதம், முதல் பிள்ளை. பேறுகாலம் பார்க்க அம்மா திருச்செந்தூரிலிருந்து முன்கூட்டியே வந்திருந்தார். நவம்பர் 14-ஆம் தேதி காலை வடக்கு குயின்ஸ்லாந்தில், கெய்ன்ஸ் பக்கம், முழு கிரகணம் என்பது ஒரு வருடமாகவே எனக்குத் தெரியும். கணவர் விமான டிக்கெட்டும் எடுத்துவிட்டார், மூன்று பேருக்கும். அம்மாவிடம் மட்டும் கடைசி வாரம் வரைக்கும் "கெய்ன்ஸ் பார்க்கப் போறோம்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். அது தப்புதான், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

சொன்ன அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, பேசாமல் இருந்தார். ராத்திரி படுக்கும்போதுதான் சொன்னார்: "ஏட்டி, நீ என் வயித்துல ஏழு மாசமா இருக்கும்போது ஒரு கெரகணம் வந்துச்சு."

1980 பிப்ரவரி 16. அன்றைக்கு முழு கிரகணத்தின் பாதை கர்நாடகம், ஆந்திரம், ஒடிசா வழியாகப் போனது, எங்கள் பக்கம் பகுதி கிரகணம்தான். ஆனால் வீட்டுக்குள் அடைபட்டவர்களுக்கு முழுசு, பகுதி என்ற வித்தியாசமெல்லாம் ஏது? மத்தியானச் சாப்பாட்டை வெகு முன்னாலேயே முடிக்க வைத்து, உள் அறையில் அம்மாவை உட்கார வைத்து, ஜன்னலுக்குப் பாயும் பெட்ஷீட்டும் கட்டி, சொறியக்கூடாது, நகம் கிள்ளக்கூடாது, காய் நறுக்கக்கூடாது, தூங்கவும் கூடாது என்று ஆச்சி வாசலிலேயே காவல் இருந்திருக்கிறார். அம்மாவுக்கு அப்போது 23 வயது. பிப்ரவரி வெயிலில், காற்றில்லாத அறையில், சாயங்காலம் வரைக்கும். அப்புறம் தலைக்குக் குளிக்க வைத்துத்தான் தண்ணீரே கொடுத்தார்களாம். "பயமா இருந்துச்சும்மா. உனக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு அசையாம இருந்தேன்" என்றார்.

இதைக் கேட்ட பிறகு என்னால் அம்மாவோடு வாதாட முடியவில்லை. அந்த நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. கிரகணத்தின்போது சூரியனிலிருந்து புதிதாக எந்தக் கதிரும் கிளம்பி வருவதில்லை, நிலா குறுக்கே வந்து வழக்கமான வெயிலை மறைக்கிறது, அவ்வளவுதான். வயிற்றுப் பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆபத்து கண்ணுக்குத்தான், அது எல்லோருக்கும் பொது: விழித்திரையில் வலி தெரியாது என்பதால் சுட்டுப்போவதே அந்த நேரத்தில் தெரியாது. இதையெல்லாம் அம்மாவுக்கும் பொறுமையாகச் சொன்னேன். ஆனால் அன்றைக்கு அசையாமல் உட்கார்ந்திருந்த 23 வயதுப் பெண்ணை மூடத்தனம் என்று எப்படிச் சொல்வது? அது என்மேல் வைத்த பிரியம் அல்லவா.

காலையில் அம்மாவே வந்து, "நீ வெளியில நிக்கப்போற, நான் ரூம்ல இருந்து என்ன பண்ண? நானும் வாரேன். பார்க்க மாட்டேன், பக்கத்துல நிப்பேன்" என்றார். சரி என்றோம்.

எங்கே நின்று பார்ப்பது என்பதில் பெரிய குழப்பம் இருந்தது. சூரியன் எழுந்து ஒரு மணி நேரத்தில் கிரகணம் முழுமையாகும், அப்போது அதன் உயரம் சுமார் 14 டிகிரி. கையை நேராக நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வைத்தால் அது ஏறக்குறைய பத்து டிகிரி, ஆக ஒன்றரை முஷ்டி உயரம். அவ்வளவு தாழ்ந்த சூரியனுக்கு மேகம்தான் பெரிய எதிரி. தலைக்கு மேலே பார்க்கும்போது மேகங்களுக்கு நடுவே இடைவெளி தெரியும், அடிவானத்தை நோக்கிப் பார்க்கும்போது அதே மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி நின்று சுவர் போல மறைக்கும். நவம்பரில் அந்தக் கடற்கரையில் காலை மேகம் சாதாரணம். விவரம் தெரிந்தவர்கள் மலையேறி, மரீபா பக்கம் மேட்டுநிலத்துக்குப் போனார்கள், அங்கே ஈரப்பதம் குறைவு. எங்களுக்கும் அந்த யோசனை இருந்தது. ஆனால் விடிகாலை மூன்று மணிக்கு அந்த மலைப்பாதை வளைவுகளில் ஆறு மாத வயிற்றோடு காரில் போக எனக்குத் தெம்பில்லை. அதோடு எனக்கு ஆசை வேறு: கடலுக்கு மேலே பார்க்க வேண்டும். திருச்செந்தூர்க்காரிக்குச் சூரியன் என்றால் கடலிலிருந்து வருவதுதான்.

கெய்ன்ஸ் நகரத்துக் கடற்கரையில் நின்றால் எதிரே விரிகுடாவுக்கு அப்பால் மலை தெரியும். அதனால் வடக்கே 25 கிலோமீட்டர் போல தள்ளியிருக்கும் பாம் கோவ் என்ற சின்ன ஊரில் அறை எடுத்தோம். கரை முழுக்கத் தென்னை, காகிதம் காகிதமாகப் பட்டை உரியும் பெரிய பெரிய மரங்கள், எதிரே ஒரு தீவு, ஊருக்குப் பின்னால் காடு மூடிய மலை. ஜெல்லி மீன் எச்சரிக்கைப் பலகையை அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். "நம்மூர் சொறிதானே" என்றார்.

நாலரை மணிக்கெல்லாம் கடற்கரையில் ஆள் நிறைந்துவிட்டது. மணலில் போர்வை விரித்து, முக்காலி நிறுத்தி, தூங்கும் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜப்பானியர், ஜெர்மானியர், உள்ளூர்க்காரர் என்று எல்லா முகங்களும். அம்மா மூன்று மணிக்கே குளித்து, விபூதி பூசி, புடவை கட்டி வந்திருந்தார். சூரியன் முழு வட்டமாகத்தான் எழுந்தது. எழுந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு கடி. கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. அம்மா உடனே திரும்பி, கடலுக்கு முதுகு காட்டி, என்னைப் பார்த்தபடி நின்றார். முந்தானையை எடுத்து என் வயிற்றின்மேல் போர்த்திப் பிடித்துக்கொண்டார். நான் தடுக்கவில்லை.

அப்புறம் மேகம் வந்தது. பெரிய சாம்பல் மேகம், அடிவானத்திலிருந்து எழுந்து சூரியனை அப்படியே மூடியது. அரை மணி நேரம், இடையிடையே ஒரு கீற்று, மறுபடியும் மூடல். நான் அழுதேவிட்டேன். கணவர் மரீபாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி. மேகம் விட்ட ஒரு சமயத்தில், சமையலுக்குக் கொண்டுவந்திருந்த ஜல்லிக் கரண்டியை அவர் வெயிலில் பிடித்தார். தலைக்கு மேலே சூரியன் இருந்தால் ஓட்டைகள் வழியே வரும் சூரியனின் உருவங்கள் தரையில் விழும், தாழ்ந்த வெயில் என்பதால் நேராக அம்மாவின் முதுகில் விழுந்தன. இள மஞ்சள் புடவையில் வரிசை வரிசையாகப் பிறை, ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பிறை. நான் அம்மாவிடம் சொன்னேன், "உன் முதுகு முழுக்க சூரியன் இருக்கும்மா." அம்மா கழுத்தைத் திருப்பித் தோளில் விழுந்திருந்த ஒன்றிரண்டைப் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். அதுதான் அவர் வாழ்க்கையில் முதன்முதலில் நேரில் பார்த்த கிரகணம், தன் தோளில்.

இதில் இன்னொரு வேதனை உண்டு. 2010 ஜனவரி 15-ஆம் தேதி, பொங்கலுக்கு மறுநாள், தை அமாவாசை, கங்கண கிரகணம் எங்கள் ஊர் வழியாகவே போனது. கன்னியாகுமரி, தூத்துக்குடி, ராமேஸ்வரம் எல்லாம் அதன் பாதையில் இருந்தன, தனுஷ்கோடியில் நெருப்பு வளையம் பத்து நிமிடத்துக்கும் மேலே நின்றது. உலகத்தின் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து பார்த்தார்கள். அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு டிவியில் பார்த்திருக்கிறார்.

ஆறரை மணி. வெளிச்சம் கெட ஆரம்பித்தது. அது மாலை மங்குவது போல இல்லை. மாலையில் வெளிச்சம் சிவக்கும், நிழல் மழுங்கும். இங்கே வெளிச்சம் நிறம் மாறாமல் வற்றியது, நிழல்களின் ஓரம் கத்தி போலக் கூர்மையாகிக்கொண்டே போனது. கடலில் சூரியனிலிருந்து நம் காலடி வரைக்கும் ஒரு ஒளிப்பாதை விழுமே, அது முதலில் வெள்ளியாகி, பின் ஈயமாகி, கயிறு போல ஒடுங்கியது. தென்னையில் கத்திக்கொண்டிருந்த கிளிகள் ஒவ்வொன்றாக அடங்கின. காற்று சில்லென்றது. அதே நேரத்தில் மேகம் விலகியது, எப்படி என்று சொல்லத் தெரியவில்லை, சூரியன் இருந்த இடத்தில் மட்டும் ஒரு கிழிசல்.

யாரோ "பின்னால் பாருங்கள்" என்று கத்தினார்கள். திரும்பினேன். மலைக்கு மேலே மேற்கு வானம் கருநீலமாகி, அந்தக் கருமை எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. நிலாவின் நிழல். காலை வெயிலில் நம் நிழல் நீண்டு விழுவது போலத்தான், தாழ்ந்த சூரியன் என்றால் நிலாவின் நிழலும் பூமியின்மேல் சாய்ந்து நீண்டு விழும், வேகமும் அதிகம். நண்பகல் கிரகணத்தில் அந்த நிழல் நேர் மேலேயிருந்து இறங்கும், இங்கே பக்கவாட்டில், மலையைத் தாண்டி, ஒரு கூரை போல நம் தலைக்கு மேல் இழுத்து மூடப்படுவதைப் பார்க்கலாம். எனக்கு முழங்கால் நடுங்கியது. மறுபடியும் கடல் பக்கம் திரும்பியபோது கடைசி ஒளி ஒரு புள்ளியாகி, மோதிரத்துக் கல் போல ஒரு கணம் நின்று, அணைந்தது.

அதுவரை போட்டிருந்த கிரகணக் கண்ணாடியைக் கழற்றினோம். அந்த இரண்டு நிமிடம் மட்டும் வெறும் கண்ணால் பார்க்கலாம்.

கடலுக்கு மேலே கறுப்பாக ஒரு வட்டம். அதைச் சுற்றி வெள்ளையாக, நரைமுடி போல மெல்லிய இழைகள் நாலா பக்கமும். கொரோனா, சூரியனின் வெளி வளிமண்டலம். அப்போது எங்களுக்கு அந்தச் சொல்லுக்கு அது ஒன்றுதான் அர்த்தம். அந்த வருடம் சூரியன் துடிப்பாக இருந்த காலம் என்பதால் இழைகள் ஒரு பக்கமாக இல்லாமல் சுற்றிலும் பரவியிருந்தன, ஓரத்தில் ரோஜா நிறத்தில் இரண்டு மூன்று பொட்டு. இடது மேலே வெள்ளி. கீழே, நிழல் விழாத தூரத்துக் கடலுக்கு மேலே, ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை, அது அடிவானம் முழுக்கச் சுற்றி வந்தது, எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் விடிவது போல. அந்தப் பட்டைக்குக் கீழே கரிய நீர். தீவின் கறுத்த உருவம். பக்கத்தில் நிற்பவர்களின் முகங்கள்.

தோழிக்கு நான் சொல்ல வந்தது இதுதான். படங்களில் நாம் பார்ப்பது சூரியனை மட்டும், கறுப்புப் பின்னணியில் ஒரு வளையம். உச்சி வேளைக் கிரகணத்தை நேரில் பார்த்தாலும் கழுத்தை நிமிர்த்தி அதைத்தான் பார்ப்போம். தாழ்ந்த கிரகணத்தில் சூரியன் தனியாக இல்லை. அது ஊருக்கு மேலே, கடலுக்கு மேலே, நம் கண் மட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு தென்னையின் உயரத்தில் நிற்கிறது. நிமிர வேண்டாம். நேராகப் பார்த்தால் போதும், கறுத்த சூரியனும் அம்மாவின் முகமும் ஒரே பார்வையில் விழும்.

ஆமாம், அம்மாவின் முகம். அவர் எப்போது திரும்பினார் என்று எனக்குத் தெரியாது. முந்தானை என் வயிற்றிலிருந்து எப்போது நழுவியது என்றும் தெரியாது. என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தார், வாய் "முருகா முருகா" என்றுகொண்டிருந்தது, கண்ணில் நீர் நிற்காமல் வழிந்தது. கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று தோன்றியிருக்கும், ஆனால் என் கையை விட மனசில்லாமல் என் கையையும் சேர்த்தே தூக்கிக் கும்பிட்டார். அந்த நேரம் பார்த்து உள்ளே பிள்ளை உதைத்தது. அந்த நாட்களில் அது எப்போதும் உதைத்துக்கொண்டுதான் இருந்தது, கிரகணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு நிமிடமும் சில விநாடிகளும். அதே கிரகணம் பசிபிக் நடுவே நான்கு நிமிடம் நீடித்தது. இதற்கும் சூரியனின் தாழ்வுதான் காரணம்: நிலா தலைக்கு மேலே இருக்கும்போது அடிவானத்தில் இருக்கும்போதைவிட நாம் அதற்குப் பூமியின் ஆரம் அளவுக்கு, அதாவது 6,000 கிலோமீட்டருக்கும் மேலே, அருகில் இருக்கிறோம், அதனால் அது கொஞ்சம் பெரிதாகத் தெரிந்து அதிக நேரம் மறைக்கும். அடிவானத்துக்குப் பக்கத்தில் அந்த அனுகூலம் கிடையாது, நிழலும் விரைந்து ஓடிவிடும். தாழ்வான கிரகணத்துக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். நேரம் குறைவு, மேகத்தின் ஆபத்து அதிகம். கணவரின் அலுவலக நண்பர் மரீபாவுக்கு அப்பால் போய்த் துளி மேகமில்லாமல் பார்த்தார். எங்களிடமிருந்து கரையோரமாகச் சில கிலோமீட்டர் தள்ளி நின்ற ஒரு குடும்பத்துக்கு மேகம் விலகவேயில்லை. எங்களுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம், வேறொன்றுமில்லை.

வலது ஓரத்தில்தானா மேலேயா என்று நினைவில்லை, ஒரு பொறி தெறித்தது. கூட்டம் கத்தியது. நிழல் எங்களை விட்டுக் கடல்மேல் ஓடுவதைப் பார்த்தோம், வந்த வேகத்திலேயே. ஒளிப்பாதை மறுபடியும் நீரில் விழுந்தது, கிளிகள் மறுபடியும் கத்தின, யாரோ யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பாட்டி அம்மாவைக் கட்டிக்கொண்டார். இருவருக்கும் பேசப் பொது மொழி கிடையாது.

கிரகணம் விட்டதும் குளிக்க வேண்டுமே. அம்மா கணுக்கால் நீர் வரைக்கும் இறங்கி, மூன்று முறை கையில் கடல்நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார், என் தலையிலும் தெளித்தார். அப்புறம் மணலில் உட்கார்ந்து வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "2010-ல நம்ம வாசலுக்கே வந்துச்சேட்டி" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வீடு திரும்பிய பிறகு தேடிப் படித்ததில் ஒன்று மனதில் நின்றுவிட்டது. 1871 டிசம்பர் 12-ஆம் தேதி காலை வேளையில் ஒரு முழு கிரகணம் நீலகிரி, அவிநாசி வழியாகப் போய் யாழ்ப்பாணம், திருகோணமலை பக்கம் கடந்திருக்கிறது. ஆங்கிலேய வானியலாளர் லாக்யர் கேரளத்துப் பேக்கல் கோட்டையில் நின்று பார்த்தார், பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் நீலகிரி மலையில் நின்று பார்த்தார். எங்கிருந்தெல்லாமோ கப்பலேறி வந்து நம் மண்ணில் நின்று பார்த்தார்கள். அன்றைக்கு நம் ஊர்ப் பெண்களில் எத்தனை பேர் ஜன்னலுக்குப் பாய் கட்டி உள்ளே இருந்தார்களோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தோழிக்கு நான் சொன்ன முடிவு: மயோர்காவுக்கே போ. ஆனால் இரண்டரை டிகிரி என்றால் கையை நீட்டி இரண்டு விரலை அடிவானத்தில் படுக்க வைத்த உயரம்தான், எதிரே ஒரு கட்டடமோ குன்றோ இருந்தாலே போயிற்று. தீவின் வடமேற்கில் டிராமுன்டானா மலைத்தொடர் நிற்கிறது, நகரத்தில் நின்று ஏமாறாதே, மேற்கே கடல் திறந்து தெரியும் இடத்தை முன்னாலேயே போய்ப் பார்த்து வை, முதல் நாள் சாயங்காலம் அதே நேரத்துக்கு அங்கே நின்று சூரியன் எங்கே இறங்குகிறது என்று பார்த்துவிடு. அங்கே முழுமை ஒன்றரை நிமிடம் போல. மேகம் பயம் என்றால் ஸ்பெயினின் வடக்கே உள்நாட்டில், லெயோன், புர்கோஸ் பக்கம் போகலாம், சூரியன் இன்னும் கொஞ்சம் உயரம். கேமராவை முக்காலியில் வைத்துத் தன்பாட்டுக்கு ஓட விடு, அதைக் கையால் தொடாதே. பிள்ளைகளைக் கடலுக்கு எதிரே நிறுத்தாமல் உன் பக்கத்தில் நிறுத்து, அப்போதுதான் அவர்கள் முகம் தெரியும்.

அன்றைக்கு உள்ளே உதைத்தவள் 2013 பிப்ரவரியில் பிறந்தாள், நலமாக இருக்கிறாள். 2028 ஜூலை 22 மத்தியானம் சிட்னியில் முழு கிரகணம், மூன்றே முக்கால் நிமிடத்துக்கு மேலே, அந்த நகரம் 1857-க்குப் பிறகு பார்க்கப்போகும் முதல் முழுமை. மகளுக்கு அப்போது 15 வயது, அம்மாவுக்கு 71. இந்தத் தடவை அம்மாவிடம் இரண்டு வருடம் முன்னாலேயே சொல்லிவிட்டேன். பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவாராம். இரண்டு பேர் பாஸ்போர்ட்டும் அடுத்த வருடம் முடிகிறது, புதுப்பிக்கக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.